டி63 பார்த்திருக்கிறீர்களா?

உயரம் தாண்டுதல் என்றால் எனக்கு இப்போது டி63 தான். மற்றதெல்லாம் அப்புறம். கொஞ்சம் ஓவராகப் பேசுகிறாள் என்று தோன்றினால் தோன்றட்டும். பாரா விளையாட்டு என்று வந்துவிட்டால் எனக்கு அடக்கி வாசிக்கத் தெரியாது. வீட்டிலும் தையல் வகுப்பிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் புதியவர், உட்காருங்கள்.

பாரா தடகளத்தில் டி என்ற எழுத்து ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும், எஃப் என்பது எறிதலுக்கும். பின்னால் வரும் எண், உடலில் எது எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும். ஒரு காலை முழங்காலுக்கு மேல் இழந்து, செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு இறங்குபவர்கள் டி63. அதற்கு இணையான பாதிப்பு ஒரு காலில் இருந்தும் செயற்கைக் கால் இல்லாமல் வருபவர்கள் டி42. பாராலிம்பிக்கில் இந்த இரண்டு வகையினரும் ஒரே கம்பியைத் தாண்டுகிறார்கள். வேடிக்கையே அங்கேதான்.

2024 பாரிஸ் இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெக் செயற்கைக் காலோடு ஓடி வருகிறார். பீகாரைச் சேர்ந்த சரத் குமார், இளம்பிள்ளைவாதத்தில் செயலிழந்த இடது காலோடு வருகிறார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி நசுங்கிய வலது காலோடு வருகிறார். கம்பி ஒன்று, ஓடிவரும் விதம் மூன்று. ஒருவருடைய ஓட்டத்தில் ஓர் அடி கனமாக விழுகிறது, அடுத்த அடி எகிறுகிறது. இன்னொருவர் கடைசி மூன்று அடிகளில் மட்டும் வேகத்தைக் கூட்டுகிறார். ஃபிரெக் 1.94 மீட்டர், சரத் 1.88, மாரியப்பன் 1.85. இந்த வரிசையில் தங்கம், வெள்ளி, வெண்கலம்.

எனக்குத் தலைகால் புரியாமல் போவது இந்த இடத்தில்தான். இரண்டு காலும் நன்றாக உள்ள ஒருவருக்கு உயரம் தாண்டக் கற்றுக்கொடுக்கப் பாடம் இருக்கிறது, படம் இருக்கிறது, எத்தனை அடி எந்த வளைவில் ஓட வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. இவர்களுக்கு அந்தப் பாடம் பாதி தூரம்தான் உதவும். மீதியை ஒவ்வொருவரும் தன் உடம்பை வைத்துத் தானே கண்டுபிடித்தாக வேண்டும். பக்கத்தில் நிற்கும் போட்டியாளருடைய உத்தியைக் காப்பியடிக்கவும் முடியாது, அவருடைய கால் வேறு. களத்தில் எட்டுப் பேர் நின்றால் எட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

இதில் எனக்கு ஒரு பழைய காதலும் உண்டு. கனடாவின் ஆர்னி போல்ட். சின்ன வயதிலேயே ஒரு காலை இழந்தவர். 1976-இல் டொராண்டோ பாராலிம்பிக்கில் செயற்கைக் கால் எதுவும் மாட்டாமல், ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து 1.86 மீட்டரைத் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு 2.04 மீட்டர் வரை போனார். நம் வீட்டு நிலைப்படியின் உயரத்தைக் கண்ணால் ஒரு தடவை அளந்துவிட்டு இந்த எண்ணைத் திரும்பப் படியுங்கள். ஒற்றைக் கால்! அந்தப் பழைய வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. நான் சோர்ந்திருக்கும்போது காப்பிக்குப் பதில் அதைத்தான் போட்டுப் பார்க்கிறேன்.

மாரியப்பனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியுமா? 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி. பாரிஸில் வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கமும் வாங்கினார். டோக்கியோ இறுதிப் போட்டியில் மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்துபோய் உந்தவே சிரமமாகிவிட்டது என்று பின்னால் சொன்னார். 1.88 தாண்டிய அமெரிக்காவின் சாம் க்ரூவுக்கும் அவருக்கும் வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர். அந்தக் காலுறையை நினைத்து நான் எத்தனை நாள் பொருமினேன் என்பது என் வீட்டாருக்குத் தெரியும்.

ரியோ பதக்கத்தைப் பற்றி ஒரு கொசுறு. அதை ஆட்டினால் சத்தம் வரும். பார்வையற்ற வீரர்கள் காதால் அடையாளம் காண வசதியாக உள்ளே குட்டிக் குட்டி இரும்புக் குண்டுகள் வைத்திருந்தார்கள். தங்கத்தில் 28, வெள்ளியில் 20, வெண்கலத்தில் 16. எனவே மாரியப்பன் வீட்டில் இருக்கும் தங்கம் குலுங்கும் தங்கம். எனக்கு அதை ஒரே ஒரு தடவை காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்க ஆசை. சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, எறிதலுக்கு வருவோம். கிளப் எறிதல் என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் நூறு பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். கழுத்து மெலிந்து அடி பருத்த ஒரு மரத்துண்டு, எடை 397 கிராம். விரல்களில் பிடிமானம் இல்லாதவர்களும், முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே மட்டுமின்றி உடற்பகுதியிலும் பலம் இழந்தவர்களும் எறிகிற போட்டி இது. சிலர் முன்பக்கம் பார்த்து வீசுவார்கள். சிலர் களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீசுவார்கள். பிடியே இல்லாத கையிலிருந்து ஒரு பொருள் முப்பது மீட்டருக்கு மேல் போகிறது என்றால் அது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். தோள் சுழல்கிறது, கை அதன்பின் ஓடுகிறது, மரத்துண்டு விரலிடுக்கை விட்டு நழுவ வேண்டிய கணத்தில் நழுவுகிறது. அந்தக் கணம் கொஞ்சம் பிந்தினால் ஃபவுல்.

பாரிஸில் எஃப்51 கிளப் எறிதல் இறுதி. ஹரியாணாவின் தரம்பீர் உட்கார்ந்தார். உட்கார்ந்து எறியும் போட்டிகளில் ஒருவரை நாற்காலியில் கட்டவே நேரம் பிடிக்கும் என்பதால், தன் முயற்சிகள் எல்லாவற்றையும் அவர் வரிசையாக எறிந்து முடித்துவிட வேண்டும். நடுவில் போய்த் தண்ணீர் குடித்து மனதைத் தேற்றிக்கொண்டு வருவதெல்லாம் கிடையாது. தரம்பீர் எறிந்தார், ஃபவுல். மறுபடி ஃபவுல். மூன்றாவது, நான்காவது, அதுவும் ஃபவுல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஐந்தாவது எறி 34.92 மீட்டர். தங்கம்! ஆசிய சாதனை வேறு. வெள்ளியும் நமக்கே, பிரணவ் சூர்மா 34.59. இன்னும் இருக்கிறது, கேளுங்கள். தரம்பீரை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்த குரு அமித் குமார் சரோஹாவும் அதே இறுதிப் போட்டியில் எறிந்தார். கடைசி இடம் பிடித்தார். சீடன் தங்கம், குரு கடைசி, களம் ஒன்று. இதைக் கதையாக எழுதினால் நம்புகிற மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திரையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நேரில் பார்க்க வாய்த்தது 2025 பிப்ரவரியில். தேசிய பாரா தடகளப் போட்டி சென்னை நேரு விளையாட்டரங்குக்கே வந்தது. விடுவேனா? தொப்பி, தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சாதம் சகிதம் போய் உட்கார்ந்துவிட்டேன். என் பக்கத்தில் ஒரு பெரியவர், மகள் குண்டு எறிகிறாளாம். களத்தில் ஒரு பெண்ணை எறியும் நாற்காலியில் வைத்து வாரால் தொடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டினார்கள், அவிழ்த்தார்கள், மறுபடி இறுக்கினார்கள்.

“எதுக்குங்கய்யா இவ்வளவு நேரம்?” என்றேன்.

“பெல்ட்டு துளி லூசா இருந்தாலும், போடற பலமெல்லாம் நாற்காலிக்குப் போயிடும்மா. குண்டுக்குப் போகாது” என்றார். “ரொம்ப இறுக்கினாலும் இடுப்பு திரும்பாது. எம் பொண்ணு இதுக்கே தனியா பழகுனா.”

அன்றைக்கு நான் கற்ற பாடம் அது. உட்கார்ந்த இடத்திலிருந்து தொடை எழும்பினால் முயற்சி செல்லாது. நாற்காலியையும் தரையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். ஆக அந்தப் பெண்ணுக்குக் காலும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. இடுப்புக்கு மேலே இருக்கிற உடம்பைத் திருகி, அந்தத் திருகலைத் தோளுக்கு ஏற்றி, தோளிலிருந்து விரலுக்கு அனுப்ப வேண்டும். சிலர் ஒரு கையால் முன்னாலுள்ள கம்பியைப் பற்றி இழுத்துக்கொண்டே மற்ற கையால் எறிந்தார்கள். சிலரால் அதுவும் முடியாது, வேறு வழி வைத்திருந்தார்கள். மதிய வெயிலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எலுமிச்சைச் சாதத்தைத் திறக்கவே இல்லை.

பார்வையற்றவர்களின் நீளம் தாண்டுதல் இன்னொரு அற்புதம். கண்ணில் கருப்புப் பட்டை. மணல் குழிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கை தட்டியோ குரல் கொடுத்தோ கூப்பிடுவார். அந்தச் சத்தத்தை நோக்கி முழு வேகத்தில் ஓட வேண்டும். நடந்து இல்லை, ஓடி! கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வீட்டு ஹாலில் வேகமாக நாலடி வைத்துப் பாருங்கள், ஐந்தாவது அடியில் கை தானாக முன்னால் நீளும். இவர்களுக்கு நீள்வதில்லை. உந்தும் இடத்தில் மெல்லிய பலகைக்குப் பதில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெள்ளைப் பொடி தூவிய பகுதி இருக்கிறது. காலடி அதில் எங்கே பதிகிறதோ அங்கிருந்து தூரத்தை அளக்கிறார்கள். எவ்வளவு அழகான யோசனை! விதியை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்து, விட வேண்டிய இடத்தில் விட்டிருக்கிறார்கள். இந்த விதிகளை எழுதியவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

விதி என்றதும் எலெனா கோங்கோஸ்ட் ஞாபகம் வந்துவிடுகிறது. ஸ்பெயின் நாட்டு மாரத்தான் வீராங்கனை, பார்வை மிகக் குறைவு. வழிகாட்டி ஓட்டக்காரருடன் கையில் ஒரு கயிற்றைப் பகிர்ந்து பிடித்துக்கொண்டு ஓடுகிறார். பாரிஸில் மூன்றாவது இடம். பின்னால் வருபவர் மூன்று நிமிடத் தொலைவில். எல்லைக் கோட்டுக்குச் சில அடிகள் இருக்கும்போது வழிகாட்டிக்குத் தசை பிடித்துக்கொண்டு அவர் தடுமாறினார். எலெனா கயிற்றை ஒரு கணம் விட்டுவிட்டு அவரைத் தாங்கினார். பிறகு பிடித்துக்கொண்டு கோட்டைக் கடந்தார். கயிற்றை விட்டது விதிமீறல், தகுதி நீக்கம். அன்றைய வெண்கலம் ஜப்பானின் மிச்சிஷிதாவுக்குப் போனது. அந்த விதி ஏன் இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. கயிற்றை விட்டால் யார் யாரை இழுத்தார்கள், யார் தனியாக ஓடினார்கள் என்ற கணக்கெல்லாம் குழம்பிப் போகும். புரிந்தும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஷீத்தல் தேவியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் பக்கத்துப் பெண். பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லை. வில்லை வலது காலால் தூக்குகிறார், நாணைத் தோளால் பின்னுக்கு இழுக்கிறார், தாடையின் உதவியால் அம்பை விடுகிறார். பாரிஸ் தரவரிசைச் சுற்றில் 720-க்கு 703 புள்ளி. அப்போது வயது 17. தனிநபர் பிரிவில் சிலியின் மரியானா சூனிகாவிடம் 137-138 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அந்த ஆட்டத்தின் முதல் அம்பு நட்ட நடுவில் போய்க் குத்தியது, உலகமே அந்தக் காட்சியைப் பார்த்தது. ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணியில் இத்தாலியை 156-155 என்று வென்று வெண்கலம். அங்கேயும் ஒரு புள்ளி! காலால் எய்வதில் அவருக்கு முன்னோடி அமெரிக்காவின் மேட் ஸ்டட்ஸ்மன். அவரும் கைகள் இல்லாதவர். 2012 லண்டனில் வெள்ளி வாங்கிவிட்டு, பன்னிரண்டு வருடம் பொறுத்துப் பாரிஸில் தங்கத்தைத் தூக்கினார்.

இப்போது என் அம்மாவுக்குப் பிடித்த கட்டம். 2024 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. பாராலிம்பிக் பேட்மின்டன், பெண்கள் எஸ்யூ5 அரையிறுதி. ஒரு கையில் பாதிப்பு உள்ளவர்களின் பிரிவு. வலையின் ஒரு பக்கம் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன், கால்நடை மருத்துவம் படிக்கிற பெண். மறுபக்கம் திருவள்ளூர் மனிஷா ராமதாஸ். இரண்டு தமிழ்ப் பெண்கள் பாராலிம்பிக் அரையிறுதியில் எதிரெதிரே நிற்கிறார்கள். அம்மாவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

“ஏண்டி, ரெண்டும் நம்ம பொண்ணுங்கதானே? ரெண்டு பேருக்கும் சமமா குடுத்துடக் கூடாதா?”

“அம்மா, இது அரையிறுதி. ஒருத்தர்தான் ஃபைனல் போக முடியும்.”

“அது என்ன ஃபைனலோ போ.”

முதல் செட் 23-21. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவருடைய பழக்கம் மற்றவருக்கு அத்துபடி என்பதால் ஏமாற்று அடிகள் எடுபடவே இல்லை. வலையோரம் மெல்ல விழும் பந்துக்குத் துளசிமதி வந்து நிற்கும் வேகம் இருக்கிறதே! இரண்டாவது செட் 21-17, துளசிமதி இறுதிக்குப் போனார். மறுநாள் சீனாவின் யாங் சியுஷியாவிடம் தோற்று வெள்ளி. மனிஷா டென்மார்க் வீராங்கனையை 21-12, 21-8 என்று சுருட்டி வெண்கலம். அதோடு விட்டதா? குட்டை உருவத்தினருக்கான எஸ்ஹெச்6 பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவன், இந்தோனேசியாவின் ரினா மர்லினாவை 21-14, 21-6 என்று தட்டி அவரும் வெண்கலம். ஒரே நாளில் மூன்று தமிழ்ப் பெண்கள் மேடையில். அதே நாளில் ஆண்கள் எஸ்எல்3 பிரிவில் நிதேஷ் குமார் 80 நிமிடம் போராடி, மூன்றாவது செட்டை 23-21 என்று பிடுங்கி, பிரிட்டனின் டேனியல் பெத்தெலிடமிருந்து தங்கத்தைப் பறித்தார். சுமித் அந்தில் ஈட்டியை 70.59 மீட்டருக்கு அனுப்பினார். இந்தியாவுக்கு அந்த ஒரே நாளில் 8 பதக்கம். அம்மா சமைக்கவில்லை. ஓட்டலில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

ரியோவில் இந்தியாவின் மொத்தப் பதக்கம் 4. டோக்கியோவில் 19. பாரிஸில் 29. எனக்கு இந்த எண்கள் மந்திரம் மாதிரி மனப்பாடம், பஸ் ஸ்டாப்பில் யார் மாட்டினாலும் ஒப்பிப்பேன்.

ஒரே ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். வர்ணனையாளர்கள். ஒரு வீரர் ஓடத் தயாராக நிற்கும்போது, எந்த வயதில் எந்த விபத்து, வீட்டில் எத்தனை கஷ்டம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர் தாண்டி முடித்து எழுந்து வந்துவிடுகிறார், கதை இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. ஐயா, எந்தக் காலால் உந்துகிறார் என்று சொல்லுங்களேன்! போன முயற்சியில் எங்கே பிசகியது, இந்த முறை ஓட்டத்தை எங்கிருந்து தொடங்குகிறார், அதைச் சொல்லுங்கள். கண்ணீரை நான் வேறு எங்கேயாவது விட்டுக்கொள்கிறேன். எனக்கு இங்கிருந்து கிடைக்கிற ஊக்கமெல்லாம் உத்தியிலிருந்துதான் வருகிறது. ‘முறையான வழி’ என்று ஒன்று கிடையாத இடத்தில் ஒருவர் பல வருடம் செலவழித்துத் தனக்கு ஒரு வழி செய்துகொண்டு வந்து நிற்பதைப் பார்க்கும்போது என் விரல்கள் துறுதுறுக்கின்றன.

என் தையல் வகுப்பில் இது எப்படியோ புகுந்துவிட்டது. புதிதாகச் சேரும் பெண்ணிடம் கத்திரிக்கோலைக் கொடுத்து, முதலில் நீயே பிடித்துக் காட்டு என்கிறேன். இடது கைக்காரிகளுக்கென்று தனிக் கத்திரி வாங்கி வைத்திருக்கிறேன். வலது கையில் இரண்டு விரல் மடங்காத ஒரு பெண், துணியை முழங்கையால் அழுத்திக்கொண்டு வெட்டுகிறாள். அவள் வெட்டும் கழுத்து வளைவு என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது. அதை மற்ற பெண்களும் முயன்று பார்த்தார்கள், ஒருத்திக்கும் வரவில்லை.

இனி உங்களுக்கு. 2026 அக்டோபரில் ஜப்பானின் நகோயாவில் ஆசிய பாரா விளையாட்டு. 2028 ஆகஸ்ட் 15 முதல் 27 வரை லாஸ் ஏஞ்சலஸ் பாராலிம்பிக். அங்கே முதல் முறையாகச் செயற்கைச் சுவர் ஏறும் போட்டியும் சேர்கிறது, அதைப் பார்க்கக் காத்திருக்க முடியவில்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் நேராக நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் போகாதீர்கள், அது பத்துச் சொச்சம் நொடியில் முடிந்து எதுவும் தெரியாமல் போகும். முதலில் டி63 உயரம் தாண்டுதல். அடுத்து கிளப் எறிதல், பொறுமையாக. பிறகு பார்வையற்றோர் கால்பந்து. பந்துக்குள் சலங்கை இருக்கும், பந்தை எடுக்கப் போகிறவர் ‘வோய்’ என்று கத்தியாக வேண்டும், கோல் விழும்வரை பார்வையாளர்கள் வாயைத் திறக்கக் கூடாது. 2004 முதல் டோக்கியோ வரை தொடர்ந்து ஐந்து முறை தங்கம் வாங்கிய பிரேசிலை பாரிஸ் அரையிறுதியில் அர்ஜென்டினா பெனால்டியில் வீழ்த்தியது. ஈஃபிள் கோபுரத்தடியில் நடந்த இறுதியில் அந்த அர்ஜென்டினாவை பிரான்ஸ் வீழ்த்தியது, அதுவும் பெனால்டியில்.

பாரிஸ் போட்டிகளுக்காக ராத்திரி கண் விழித்தோம். லாஸ் ஏஞ்சலஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், அங்கே மாலை இறுதிப் போட்டி என்றால் இங்கே விடிந்து காப்பி போடும் நேரம். என் காலை வகுப்புப் பெண்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன், அந்தப் பதின்மூன்று நாளும் வகுப்பு மதியத்துக்கு மேல்தான்.